நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

நித்யகல்யாணி ஹைட்ஸில் நாற்பத்தெட்டு வீடுகள் இருந்தன, நாற்பத்தெட்டுக்கும் சேர்த்து ஒரே நிலம்தான் இருந்தது, அந்த நிலத்தில் யாருடைய துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எவருக்கும் சொல்லத் தெரியாது, ஏனென்றால் எல்லோருடைய பத்திரத்திலும் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, பிரிபடாத பாகம், என்றுதான் எழுதியிருந்தது. கோயம்புத்தூருக்கு வடக்கே ஊர் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் அந்தக் கட்டடம் நின்றது. குடிவந்த புதிதில் வசந்தாமணி கீழே இறங்கி, கார் நிறுத்துகிற தூண்களையும், தண்ணீர்த் தொட்டியையும், நட்டு ஒரு மாதமே ஆன வேப்பங்கன்றையும் பார்த்துவிட்டு, “இதுல நம்முளுது எதுங்க?” என்று புருஷனைக் கேட்டாள். குழந்தைவேலு மோட்டார் பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர், எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லாத மனுஷர். கன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எல்லாத்துலயும் துளித்துளி. அந்தக் கன்னுல ஒரு எலை உன்னுது” என்றார். உன்னுது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, வீட்டை அவள் பேரில்தான் பதிவு செய்திருந்தார்.

கடைசி வீடும் பதிவாகிச் சாவி கைமாறிய மறுநாள் காலை, சங்கச் செயலாளர் சந்தானகோபாலனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், வலியைத் தாங்கமாட்டார். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கொசு கடித்த அளவுக்குத்தான் வலித்தது, அதே நேரம் மற்ற நாற்பத்தேழு வீட்டுக்காரர்களும் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை, வாட்ச்மேனுக்கும் ஒன்றும் இல்லை, மஸ்கட்டில் இருந்துகொண்டே ஒரு வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டிருந்த ஃபரூக்குக்கு மட்டும் அங்கே வேலை செய்யும் இடத்தில் பல் கூசியது. பத்திரத்தில் யார் பேர் இருந்ததோ அவருக்குப் பங்கு வந்தது, அவ்வளவுதான்.

யாரும் மந்திரவாதியைத் தேடிப் போகவில்லை. அடுக்குமாடிக்குக் குடிவந்தவர்களுக்கு மேல்மாடித் தண்ணீர் நம் சுவரில் கசிவதும், பக்கத்து வீட்டு மீன்குழம்பு நம் சாமியறைக்குள் வருவதும் பழக்கம்தானே, இது அதோடு இன்னொன்று என்று எடுத்துக்கொண்டார்கள். பல் பிடுங்கப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்கவும் என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சி பிளாக்கில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்ட அன்று நாற்பத்தேழு பேரும், மீசை வைத்த ஆண்கள் உட்பட, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்கள், அவளோ நர்ஸிடம் கதை பேசிக்கொண்டே பெற்றுவிட்டு வந்தாள். சந்தோஷமும் அப்படியே பங்காகிப் போனது. வசந்தாமணியின் எதிர்வீட்டு ரெஜினா டீச்சருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்தபோது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த அளவுக்குத்தான் டீச்சருக்கே மகிழ்ச்சி வந்தது. அதை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. வலி போகிற வழியில் கொஞ்சம் சந்தோஷமும் போனால் போகட்டும், உரலில் தலையைக் கொடுத்தாச்சு, உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா?

ரெஜினாவின் அம்மா இறந்தபோதுதான் துக்கமும் பங்காகும் என்று தெரிந்தது. மூன்றாம் நாளே பள்ளிக்கூடம் போன ரெஜினா, “நல்லதாத்தான் போச்சுங்க்கா. பரிட்சை நேரம், லீவு போடாம சமாளிச்சுட்டேன்” என்றாள். வசந்தாமணியும் அதை நல்லது என்றே நினைத்தாள். அவளுடைய பங்காக வந்த அந்த முகம் தெரியாத அம்மாவின் இஞ்சி மரப்பா வாசனை, மழை நாட்களில் மட்டும் அவள் மூக்கில் வந்து போனது.

அதற்கு அடுத்த வருஷம் சித்திரையில், காலை ஏழு மணிக்கு, கீழே பம்பு ரூமில் மோட்டாரின் சத்தம் சரியில்லை என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தைவேலு, கேட்டபடியே சாய்ந்து இறந்துபோனார்.

நாற்பத்தெட்டு வீட்டிலும் வெங்காயம் உரித்த மாதிரி ஒரு நிமிஷம் கண் கலங்கியது. வசந்தாமணிக்கு இடது கண்ணில் ஒரு சொட்டு வந்தது, அது கன்னத்தில் பாதி வழி இறங்கி அங்கேயே காய்ந்துவிட்டது, அதற்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. சீர்த்துணியோடு வந்து இறங்கிய நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, அண்ணிக்காரியின் முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள். “முப்பத்தொரு வருசம் உன்ற கைச்சோறு தின்ன மனுசனாச்சே! கல்லாட்ட உக்காந்திருக்கறியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். வசந்தாமணிக்கு அழ வேண்டும் என்று தெரிந்தது, எப்படி என்று தெரியவில்லை. அவமானத்தில் தலையைக் குனிந்தாள், அந்த அவமானமும் நாற்பத்தெட்டில் ஒரு பங்குதான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. துக்கம் தனியாகப் போகவில்லை, போகும்போது மனுஷரையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தது. அவருடைய குரலை நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. கல்யாணத்தன்று என்ன பேசினார், வரவில்லை. சண்டை போட்டது, சேர்ந்தது, காய்ச்சலில் கால் அமுக்கிவிட்டது, ஒன்றும் வரவில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்தக் கிரீஸ் வாசனை, அவர் நகக்கண்ணில் இருந்தது, அது மட்டும் அவளிடம் இருந்தது. அதுதான் அவளுடைய பங்கு.

மிச்சம் எங்கே போனது என்று சீக்கிரமே தெரிந்தது. ஒருநாள் லிஃப்டில் செயலாளர் சந்தானகோபாலன் அவளைப் பார்த்து, “வசந்து” என்றார். உலகத்தில் ஒரே ஒருவர், கதவு சாத்திய பிறகு மட்டும், கூப்பிட்ட பேர் அது. வயசான மனுஷர் வெலவெலத்துப்போய், “மன்னிச்சுக்கோங்கோ, எப்படி வாய்ல வந்ததுன்னே தெரியலை” என்று சொல்லிவிட்டுத் தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிப் போனார். மஸ்கட்டிலிருந்து ஃபரூக் போன் செய்து, “அக்கா, மத்தியானம் சாப்ட்டுக் கண்ணசந்தேன், ஒரு செவப்பு சைக்கிள் வந்துச்சுங்க்கா. முன்கம்பில நீங்க உக்காந்துட்டிருக்கீங்க, செருப்புல ஒண்ணு வாய்க்கால்ல விழுந்துருச்சு, நான் எறங்கி எடுக்கறேன். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க்கா” என்றான். சி பிளாக்கில் பிள்ளை பெற்ற பெண், கீழே பம்பு ஓடும்போதெல்லாம் தலையைச் சாய்த்து, பேரிங் போயிருக்கு என்று தனக்குத்தானே சொன்னாள். அவருக்குப் பிடித்த பாகற்காயை, அதுவரை தொடாதவர்களும் வாங்கிப் பொரித்தார்கள். வசந்தாமணி கறிவேப்பிலை கேட்கிற சாக்கில், பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில், வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டாள், அவர்களும் ஒளிக்காமல் சொன்னார்கள். ஆனால் கேட்டது எதுவும் அவளுக்குள் ஒட்டவில்லை, யாரோ ஒருத்தியின் புருஷனைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டது போலவே இருந்தது. தாழ்வாரத்தில் நடக்கும்போது கதவுகளுக்குப் பின்னால் அவர் துண்டுதுண்டாக இருமுவதும், செருமுவதும், நடப்பதும் கேட்டது.

ஒரே ஒரு தடவை அவருக்காக முழுசாக அழுதுவிட வேண்டும், அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி. இதைத் தவிர அவளுக்கு அப்போது வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதை எழுதிய நாச்சிமுத்துவைத் தேடிப் போனாள். பதிவு அலுவலகத்துக்கு எதிரில் தகரக் கொட்டகையில் ஐம்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர், தோட்டமும் கிணறும் எழுதிப் பழகிய கை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தவர் நான்காம் பக்கத்தில் நிறுத்தினார். நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் ஆகாமி சித்தம் சாத்தியம் என்னும் அஷ்டபோக பாத்தியங்கள் சகிதம் என்று அங்கே எழுதியிருந்தது.

“இதுதான் அம்மிணி. காட்டுப் பத்திரத்துல எழுதற வரி. பொதையல், தண்ணி, மரம், கல்லு, அப்பறம் ஆகாமின்னா இனிமே வரப்போறது எல்லாம். கை பழக்கத்துல அடுக்குமாடிக்கும் எழுதிப்போட்டேனாட்ட இருக்குது. வரப்போறது எல்லாமும் பிரிபடாத பாகம்னு ஆயிப்போச்சு.”

“அழிச்சு எழுத முடியாதுங்களா ஐயா?”

“பிழைத்திருத்தம் போடலாம். நாப்பத்தெட்டுப் பேரும் வந்து கையெழுத்துப் போடோணும். வலியில்லாம இருக்கறவன் வருவானா?” கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. பொதுக்கெணத்துல நாலு பங்காளி இருந்தா, தண்ணியச் சொம்புல மொண்டா பங்கு போடுவாங்க? முறை வெப்பாங்க. இன்னிக்கு உன்ற முறைன்னா கெணறு முச்சூடும் உன்னுது. பொழுது எறங்குனா மம்பட்டிய அடுத்தவன் கைல குடுத்துரோணும். உன்ற முறையில்லாத அன்னிக்கு உன்ற வாய்க்கா காஞ்சுதான் கெடக்கும். ஒரு சொட்டு இருக்காது. ரோசன பண்ணிக்க.”

“கெணறு முச்சூடும்னா, அத்தன பேரோடதுமா வரும்?”

“அத்தன பேரோடதுந்தான். தண்ணிக்குப் பேரெழுதியா இருக்குது?”

வசந்தாமணி யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எழுந்தாள்.

சங்கத்தின் பொதுக்குழு அதுவரை ஒரு தடவையும் நிறைந்ததில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் பதினொரு பேர், தண்ணீர்ப் பிரச்னைக்குப் பத்தொன்பது பேர். ஆனால் நாற்பத்தெட்டு நாளில் ஒருநாள் சுமந்தால் போதும், மற்ற நாற்பத்தேழு நாளும் துளி வருத்தம் இல்லை என்று சந்தானகோபாலன் தீர்மானத்தைப் படித்ததும் நாற்பத்தேழு கை உயர்ந்தது, ஃபரூக் போனில் கையைத் தூக்கிக் காட்டினான். முறைக்கு அடையாளமாக மண்வெட்டிக்குப் பதில் பம்பு ரூம் சாவி என்று முடிவாயிற்று. துக்கம் புதுசு என்பதால் முதல் முறை வசந்தாமணிக்கு. அதற்கு மறுநாள் ரெஜினா டீச்சருடைய அம்மாவின் நினைவு நாள், கல்லறைக்குப் போக வேண்டும், ஆகவே இரண்டாவது முறை அவளுக்கு.

பொழுது விடிந்தபோது சாவி வசந்தாமணியின் இடுப்பில் இருந்தது. முதலில் வந்தது அவர் இல்லை. சந்தானகோபாலன் இருபது வருஷமாகப் பேசாமல் இருந்து, பேச நினைத்த வாரத்தில் செத்துப்போன தம்பி வந்தான். ஃபரூக்கின் நாலுபேர் படுக்கும் அறையும் அதில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்ற பெருநாள் பிரியாணியும் வந்தன. இரண்டாம் மாடிக்காரி யாரிடமும் சொல்லாத, பெயர் வைக்காமலே புதைத்த குழந்தை வந்தது. இஞ்சி மரப்பா வாசனையோடு ரெஜினாவின் அம்மா முழுசாக, வெற்றிலைக் கறைப் பல்லோடு வந்தாள். வசந்தாமணி தரையில் படுத்து, குளிர்ந்த டைல்ஸில் நெற்றியை வைத்து, ஒவ்வொருவருக்காகவும் அழுதாள். அவர்களையெல்லாம் தாண்டித்தான் அவரிடம் போக முடியும் என்று அவளுக்குப் புரிந்தது.

உச்சிப்பொழுதில் அவர் வந்தார். சிவப்பு சைக்கிள் வந்தது, வாய்க்காலில் விழுந்த செருப்பு வந்தது, முதல் மாசம் அவள் வைத்த உப்பில்லாத ரசத்தை ஒன்றும் சொல்லாமல் குடித்த மனுஷர் வந்தார், பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்ன நாளில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று பஸ்ஸை விட்ட மனுஷர் வந்தார், கோபத்தில் ஒருதடவை தட்டை எறிந்துவிட்டு அதை அவரே பொறுக்கிய மனுஷர் வந்தார், “வசந்து” என்ற குரல் வந்தது. அவள் வாய்விட்டு, வயிற்றிலிருந்து, மூன்று பிளாக்குக்கும் கேட்க ஒப்பாரி வைத்து அழுதாள். அவ்வளவு வலித்தது, அவ்வளவு நிறைவாக இருந்தது.

வெளியே கட்டடம் திருவிழாவாக இருந்தது. பால்கனிகளில் சிரித்தார்கள், கேரம் ஆடினார்கள், பேசாத வீட்டுக்காரர்கள் பேசினார்கள், அவள் ஒப்பாரியைக் கேட்டு யாரோ பாட்டு நல்லாயிருக்கு என்றார்கள். சாயங்காலம் ஆக ஆகச் சிரிப்பு ஒரு மாதிரி ஆனது. ஜோக் சொல்லாமலே சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் எதற்கு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வீடுகளுக்குள் அலமாரிகள் திறக்கும் சத்தமும், எதையோ தேடிக் கிடைக்காமல் மூடும் சத்தமும் ஒவ்வொரு மாடியாகக் கேட்டது.

பொழுது இறங்கியது. வசந்தாமணி எழுந்து கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். கொடுத்தால்தானே போகும்? ஊரே சேர்ந்து எடுத்துக்கொண்டு போன மனுஷரை ஊரே சேர்ந்து திருப்பிக் கொடுத்திருக்கிறது, இனிமேல் எதற்கு விடுவது? நாற்பத்தெட்டு வீட்டுத் துக்கத்தையும் சாகிற வரைக்கும் சுமக்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம், எல்லோரும் சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கதவு தட்டப்பட்டது. “அக்கா,” என்றாள் ரெஜினா. “நேரமாச்சுங்க்கா.”

வசந்தாமணி தாழ்ப்பாளைக் கையால் அழுத்திப் பிடித்தாள்.

“அக்கா, எனக்கு ஒண்ணும் வலிக்கலைங்க்கா. நல்லாத்தான் இருக்கறேன்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, காய்கறி விலை சொல்வது போல. “ஆனா காலைல இருந்து அம்மா மூஞ்சியக் காணோம். இத்தன நாளா என்ற பங்குக்கு அது ஒண்ணுதாங்க்கா இருந்துச்சு. நாளைக்குக் கல்லறைக்குப் போகோணும். யாருக்குன்னு போய் மெழுகுவத்தி ஏத்தறது? அக்கா, குடுத்துருங்க்கா.”

அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் வேறு காலடிகளும் வந்து நின்றன, யாரும் கத்தவில்லை, யாரும் தள்ளவில்லை. அத்தனை பேரும் மூச்சு விடுவது மட்டும் கதவின் இந்தப் பக்கம் கேட்டது.

வசந்தாமணி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, என்ன செய்யட்டும் என்று அவரைக் கேட்டாள். அவர் இப்போது முழுசாக அவளுக்குள் இருந்தார், ஆகவே பதிலும் இருந்தது. அவருடைய ஊரில், பொதுக்கிணற்றில், கூடப் பிறந்த அண்ணன் ஒருநாள் பொழுது இறங்கியும் மடையை மாற்றாமல் தன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டான். பக்கத்து வயல் விதவையின் நாற்று கருகியது. அதற்குப் பிறகு குழந்தைவேலு அண்ணன் வீட்டுப் பக்கமே போகவில்லை, அங்கே நடந்த கல்யாணத்துக்கும் போகவில்லை, “முறை தப்புனவன் ஊட்டுல எனக்குப் பச்சத்தண்ணி வேண்டாம்” என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். நேற்று வரை அவளுக்கு இது நினைவில் இல்லை, யாரோ ஒரு வீட்டுக்காரரிடம் இருந்திருக்கும். இன்றைக்குத் திரும்பி வந்தது. அவரை முழுசாக வைத்துக்கொண்டு அவருக்குப் பிடிக்காததை எப்படிச் செய்வது?

“நீங்க இப்பிடி இருந்திருக்க வேண்டாம்” என்று அவரிடம் கோபமாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தை, நெற்றியில் அம்மைத் தழும்பு வரைக்கும், நிதானமாகப் பார்த்தாள். பிறகு தாழ்ப்பாளை நீக்கிச் சாவியை ரெஜினாவின் கையில் வைத்தாள்.

ரெஜினா வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, அம்மா என்று கத்தினாள். தாழ்வாரத்தில் நின்றவர்கள் முகம் வெளுத்து, எதற்காக இங்கே வந்தோம் என்பது போலக் கலைந்து போனார்கள். வசந்தாமணிக்கு டீச்சரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டி வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். தன் கன்னமெல்லாம் ஈரமாக இருப்பதைக் கண்டு, வேர்வை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ரெஜினா தண்ணீரைக் குடிக்கவில்லை. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, தேம்பித் தேம்பி அழுதாள், அந்தப் படத்தில் இருந்தவருக்காக ஒரு பெண்டாட்டிதான் அப்படி அழ முடியும். வசந்தாமணியும் திரும்பி அதைப் பார்த்தாள். அடர்ந்த மீசை, நெற்றியில் தழும்பு, புதுசாகப் போட்ட செவ்வந்தி மாலை.

“யாருங்க டீச்சர் இவரு?”

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, “நல்ல மனுசருங்க்கா” என்று மட்டும் சொன்னாள்.

“ஆமாங், பாத்தா அப்பிடித்தான் தெரியுது” என்றாள் வசந்தாமணி. “பாவம், ஊட்டுல அழுவறதுக்கு ஆராவது இருக்கறாங்களோ என்னமோ.” பிறகு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது போலப் பசித்ததால், அரிசி களைய உள்ளே போனாள்.